வண்டி நிற்பதற்கான காரணம்

காலை பத்து பத்திலிருந்து வண்டி நிற்கிறது. நான் அந்த வண்டியில் காரணம் சொல்பவன். பெயர் ஆவுடையப்பன். முப்பத்தோரு வருட சர்வீஸ். டிரைவர் ஓட்டுவார், கார்டு கொடி காட்டுவார், பரிசோதகர் டிக்கெட் பார்ப்பார். வண்டி நின்றால் ஏன் நிற்கிறது என்று நான் சொல்வேன். ஓடும்போது எனக்கு வேலை கிடையாது. அதனால் எனக்கு எப்போதும் வேலை இருக்கிறது.

கடைசிப் பெட்டியில் தொடங்கி முதல் பெட்டி வரை நடக்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் ஒரே காரணத்தை ஒரே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லக் கூடாது. சொன்ன காரணம் பத்து நிமிடத்துக்குள் நடந்துவிடும்.

பயணிகளுக்கு இது தெரியாது. சிக்னல் விழவில்லை என்று நான் சொன்ன பிறகுதான் சிக்னல் சிவப்பாகிறது. அதற்கு முன்னால் வண்டி எதற்காக நின்றது என்று கேட்டால், அது என் பிரிவைச் சேர்ந்த விஷயம் இல்லை.

நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். உட்கார்ந்து சொன்னால் காரணமும் உட்கார்ந்துவிடும். பிறகு அதை எழுப்ப முடியாது. என்னோடு வேலைக்குச் சேர்ந்த தங்கப்பழம் ஒருமுறை கால் வலிக்கிறது என்று ஜன்னலோரமாக உட்கார்ந்து காரணம் சொன்னார். அந்த வண்டி இன்னும் அங்கேயே நிற்கிறது. சுற்றிலும் ஊர் வந்துவிட்டது. போன வருடம் ரேஷன் கடை திறந்தார்கள். தங்கப்பழத்துக்கு இப்போது அங்கேதான் ஓட்டு.

நிற்கிற வண்டி நீளும். காலையில் பெட்டிக்கு எழுபத்திரண்டு இருக்கை. மத்தியானம் எண்ணிப் பார்த்தேன், இருநூற்றுப் பதினான்கு. உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் முழங்காலுக்குத்தான் தெரியும்.

டூட்டி நாலு மணிக்கு முடிகிறது. நாலு மணிக்கு வண்டி எங்கே நின்றாலும் நான் இறங்கிக்கொள்ளலாம். எங்கே இறங்கினாலும் என் வீடு அங்கிருந்து மூன்றாவது தெரு. இந்த வேலையில் தருகிற ஒரே சலுகை அதுதான். வீட்டில் கோமதி வாளியில் வெந்நீர் ஊற்றி, கல் உப்பு ஒரு கை போட்டு வைத்திருப்பாள். அதற்குள் காலை வைப்பதை நினைத்துக்கொண்டுதான் நான் காலையிலிருந்து நடக்கிறேன்.

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். எருமை குறுக்கே வந்துவிட்டது என்பதுதான் காலையில் எழுதி வாங்கிய காரணம். கடைசிப் பெட்டியிலிருந்து நான்காம் பெட்டி வரை எருமை என்றுதான் சொல்லி வந்தேன். மூன்றாம் பெட்டியில் ஒரு பெண் அழுகிற குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள். குழந்தை என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அந்தக் குழப்பத்தில், எதிர் வண்டிக்காக நிற்கிறோம் என்று சொல்லிவிட்டேன். வாய்க்குப் பழகிய காரணம் அது. மற்ற துறையில் யாருக்கும் இந்த மாதிரி வாய் குழறாது.

இரண்டும் நடந்தன. எருமை வந்தது. எதிர் வண்டியும் வந்து பக்கத்தில் நின்றது. எதிர் வண்டியின் காரணம் சொல்பவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"நீங்க போங்க," என்றார். "உங்களுக்காகத்தான் நிக்கோம்."

"நாங்க உங்களுக்காகத்தான் நிக்கோம்."

"அப்படின்னு எங்க பெட்டியில சொல்லிட்டேனே."

"நானும் சொல்லிட்டேன்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

மத்தியானம் மூன்றாவது காரணம் ஒன்று எழுதி வாங்கினேன். மேலிடத்து உத்தரவு. அதைச் சொல்லிக்கொண்டே இரண்டாம் பெட்டிக்கு வந்தபோது மணி இரண்டு நாற்பது. ஜன்னலோரம் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு புது வேட்டியும் வாழை இலையில் சுற்றிய ரோஜா மாலையும். மாலை வாட ஆரம்பித்திருந்தது. மற்ற எல்லோரும் என்னைப் பார்த்ததும் கேட்பார்கள், திட்டுவார்கள், சிலர் செல்போனில் படம் எடுப்பார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை.

"வண்டி ஏன் நிக்குன்னு கேக்கலியாம்மா?" என்று நானே கேட்டேன்.

"கேட்டா கெளம்பிருமா?"

"கெளம்பாது."

"பெறகு எதுக்கு? நாலு மணிக்குள்ள மணியம்புதூர் போயிருமா? அத மட்டும் சொல்லுங்க சார்."

"மணியம்புதூர்ல ஏதும் விசேஷமா?"

"எங்க அப்பா எறந்துட்டாங்க. நாலு மணிக்கு எடுக்காங்க."

விசேஷமா என்று கேட்ட வாயை மூடிக்கொண்டேன். பிறகு மெதுவாகச் சொன்னேன். "பெத்த மக வந்து முகம் பாக்காம எப்படிம்மா எடுப்பாங்க? கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம்லா."

"சொந்தக்காரங்க எல்லாரும் பொறுக்கலாம்னுதான் சொல்லுதாங்க. அப்பாதான் ஒத்துக்கிட மாட்டேங்காங்க."

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. அப்பா என்று திரையில் எழுத்து வந்தது. அவர் எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே சத்தம் நன்றாகக் கேட்டது.

"ஏட்டி செண்பகவல்லி, எங்க நிக்க?"

"நெடுங்கரிசல் தாண்டி நிக்கேன்ப்பா. காலையில இருந்து நிக்கி."

"என்ன காரணமாம்?"

செண்பகவல்லி செல்போனை என்னிடம் நீட்டினார். காரணம் கேட்டால் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாங்கினேன்.

"அண்ணாச்சி, எங்க இருந்து பேசுதீங்க?"

"ஐஸ் பெட்டிக்குள்ள இருந்துதான். சத்தம் விட்டு விட்டு வருதா?"

"நல்லாக் கேக்கு."

"நான் சங்கரபாண்டி. மணியம்புதூர் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தவன். முப்பத்திநாலு வருஷம். உம்ம பேரு என்ன வே?"

சொன்னேன்.

"காரணத்தச் சொல்லும் ஆவுடையப்பன்."

"எதிர் வண்டிக்காக நிக்கி அண்ணாச்சி."

"இத எழுபத்தெட்டுலயே ஒருத்தன் சொல்லிட்டான். பஸ்ஸுக்கு ஏதுல எதிர் வண்டின்னு கேட்டேன். அழுதுட்டான். அடுத்தது?"

"எருமை குறுக்க வந்துட்டு."

"எருமைக்கு எங்க போறதுக்கு அவசரம்? அடுத்தது?"

"மேலிடத்து உத்தரவு."

"மேலிடத்துல யாரு?"

முப்பத்தோரு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பயணிகள் மேலிடம் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் புளியோதரையைப் பிரிப்பார்கள்.

"இங்க பாரும்," என்றார் அவர். "முப்பத்திநாலு வருஷத்துல ஒரு பஸ்ஸ ஒரு நிமிஷம் நிறுத்தி வச்சதில்ல. மாப்பிள்ளை பாதி ஏறி நின்னான், பொண்ணு கீழ நின்னா, ஊதிட்டேன். இப்ப நம்ம வீட்டு வண்டின்னு வந்ததும் நிறுத்துனா ஊரு காறித் துப்பாதா? நாலுன்னா நாலு. விசில் சட்டைப் பையிலதான் இருக்கு. நானே ஊதுவேன். தூக்கிருவாங்க."

"மகளுக்காக ஒரு அரைமணி நேரம்..."

"நியாயமான காரணமா இருந்தா பதிவேட்டுல எழுதி நிறுத்தி வைப்பேன். நான் இதுவரைக்கும் கேக்காத காரணமா இருக்கணும். இருந்தா கொண்டாரும். உம்ம நம்பரச் சொல்லும்."

நம்பரை வாங்கிக்கொண்டு வைத்துவிட்டார். செல்போனைத் திருப்பிக் கொடுத்தேன். செண்பகவல்லி மாலையின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீர்தான்.

"எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு, பக்கத்து ஊருக்குப் போவணும்," என்றார் அவர். "எட்டு மணி பஸ். நான் ரோட்டத் தாண்டி ஓடியாரேன். பத்து எட்டு வச்சா பஸ். அப்பா என்னயப் பாத்தாங்க. பாத்துக்கிட்டேதான் ஊதுனாங்க."

"பரீட்சை?"

"அடுத்த பஸ் ஒம்பது மணிக்கு. போவும்போது கதவ அடைச்சிட்டாங்க."

"அப்புறம் அதப் பத்திப் பேசலியா?"

"அன்னைக்குச் சாப்பாட்டுல எனக்கு ஒரு முட்டை கூட வச்சாங்க. அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் ஆச்சு, நானும் பேசல, அவங்களும் பேசல." அவர் ஜன்னலுக்கு வெளியே எதிர் வண்டியைப் பார்த்தார். "இன்னைக்காவது நேரத்துக்குப் போயிரணும் சார். ஒரே ஒரு தடவ."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். மணி மூன்று ஐந்து.

காரணப் பிரிவு ஏழாம் பெட்டிக்கும் எட்டாம் பெட்டிக்கும் நடுவில், கை கழுவுகிற இடத்தில் இருக்கிறது. வண்டி ஓடும்போது இரண்டாம் பெட்டியிலிருந்து நாலு நிமிடம். இப்போது நாற்பது நிமிடம் ஆனது. நான்காம் பெட்டியில் எருமை கீழ்ப் படுக்கையில் படுத்திருந்தது. வண்டியின் காரணமாக வந்ததால் அதற்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். பரிசோதகர் பட்டியலில் அதன் பெயருக்கு நேராகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடத்தில் எனக்குக் கீழ்ப் படுக்கை கிடைத்ததில்லை. எருமை என்னைப் பார்த்தது. நான் பார்க்காத மாதிரி கடந்து போனேன்.

பிரிவு அதிகாரி எபனேசர் சாப்பிட்டுவிட்டு எலுமிச்சை ஊறுகாய் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம். மூன்று நாற்பத்தைந்து.

"ஒரு புதுக் காரணம் வேணும் சார்."

"இருப்பு இல்ல."

"ஒரு அம்மாவுக்காக. நாலு மணிக்கு அவங்க அப்பாவ எடுக்காங்க."

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு காகிதம் கிடந்தது. "பனிமூட்டம் ஒண்ணு இருக்கு. மார்கழிக்குன்னு எடுத்து வச்சது. வேணும்னா வாங்கிக்கிடும்."

"அதுவும் வண்டிய நிறுத்தத்தான் செய்யும்."

"காரணம்னா நிக்கிறதுக்குத்தான் வே. போறதுக்கு யாரு காரணம் கேக்கா?"

அதுவும் சரிதான். நான் படிவத்தை எடுத்தேன். அதன் முதல் வரியில், தாமதமாவது எது என்ற கேள்விக்கு நேராக வண்டி என்று முன்பே அச்சடித்திருப்பார்கள். அதற்குக் கீழேதான் நாங்கள் எழுத ஆரம்பிப்போம். முப்பத்தோரு வருடமாக அந்த வரியை நான் படித்துப் பார்த்ததில்லை. இன்று படித்தேன். வண்டி என்பதை அடித்தேன். மேலே, நாலு மணி என்று எழுதினேன்.

எங்கே நிற்கிறது என்ற இடத்தில், மணியம்புதூர் அவுட்டர் என்று எழுதினேன். ஸ்டேஷனுக்கு வெளியே, வண்டி உள்ளே வர முடியாமல் நிற்கிற இடம். காரணம் என்ற இடத்தில், பிளாட்பாரம் காலி இல்லை, அதில் நிற்கிற மூன்று ஐம்பத்திரண்டு இன்னும் எடுக்கவில்லை என்று எழுதினேன். அடுத்த வரியில், வண்டிக்காக இன்று சொன்ன மூன்று காரணங்களையும் திரும்பப் பெறுகிறேன் என்று சேர்த்தேன்.

எபனேசர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"உம்ம டூட்டி எப்ப முடியுது?"

"நாலு மணிக்கு."

"நாலு மணி வரலைன்னா?"

"முடியாது."

"தெரிஞ்சுதான் எழுதுதீரா?"

எனக்கு வாளியும் வெந்நீரும் நினைவுக்கு வந்தன. அழுகை வந்தது. கால் வலியால் என்று நினைத்துக்கொண்டேன். "தெரிஞ்சுதான் சார்," என்றேன்.

அவர் முத்திரை குத்தினார்.

"கடைசிப் பெட்டியில இருந்து சொல்லிட்டு வரதுக்கு நேரம் இல்லயே சார்."

"எதுக்கு? இது வண்டிக் காரணம் இல்லலா. நாலு மணிக்காகக் காத்துக்கிட்டு இருக்கவங்களுக்குச் சொன்னாப் போதும். எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. ஒருத்தர் நான்."

"உமக்குத் தெரியுமே. அப்ப ஒருத்தர்தான்."

மூன்று நாற்பத்தெட்டுக்கு சங்கரபாண்டியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். வாயில் விசில் இருந்தது தெரிந்தது. மூச்சு விட்டபோது லேசாகக் கீச்சிட்டது. அவர் அதை எடுத்துவிட்டுப் பேசினார்.

"சொல்லும்."

"வண்டி லேட் இல்ல அண்ணாச்சி. நாலு மணிதான் லேட்."

"என்னது?"

"மணியம்புதூர் அவுட்டர்ல நிக்கி. பிளாட்பாரம் காலி இல்ல. மூணு அம்பத்திரண்டு இன்னும் எடுக்கல."

அந்தப் பக்கம் ஐஸ் பெட்டியின் மோட்டார் மட்டும் ஓடியது. பிறகு காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"முப்பத்திநாலு வருஷத்துல," என்றார், "இத யாரும் சொன்னதில்ல வே."

"முத்திரை இருக்கு அண்ணாச்சி."

"எழுதிக்கிட்டேன்."

வைத்துவிட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்தொன்று. எபனேசரும் பார்த்தார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு வந்த முள் அங்கேயே நின்றது. அவர் நாற்காலியில் ஏறி அதைத் தட்டிப் பார்த்தார். ஓடும் சத்தம் கேட்டது. முள் மட்டும் நகரவில்லை.

அதே நேரம் வண்டி அசைந்தது. நிற்பதற்குக் காரணம் இல்லாத வண்டி வேறென்ன செய்யும்? எதிர் வண்டியும் கிளம்பியது. அதன் காரணம் சொல்பவர் ஜன்னலில் தெரிந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாயே என்று முகம் கோணியிருந்தது. ஓட ஓட வண்டி சுருங்கியது. பயணிகள் பக்கத்து இருக்கைக்காரர்களோடு நெருங்கி வந்தார்கள். விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தார்கள். இரண்டாம் பெட்டிக்கு நான் நாலு நிமிடத்தில் போய்விட்டேன். போய்ச் சேர்ந்தபோதும் மணி மூன்று ஐம்பத்திரண்டுதான்.

செண்பகவல்லி கதவருகில் நின்றிருந்தார். வேட்டி ஒரு கையில், மாலை ஒரு கையில்.

மணியம்புதூர் வந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கை மடியில் வைத்துக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மணி என்ன சார்?"

"மூணு அம்பத்திரண்டு."

"நெசமாவா?"

"நெசம்தான். மெதுவா நடந்தே போலாம்மா."

அவர் ஓடினார். வண்டி முழுவதும் நிற்பதற்கு முன்பே இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி ஓடினார். செருப்பு ஒன்று பிளாட்பாரத்திலேயே கிடந்தது. பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். பிறகு பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது.

வண்டி அங்கிருந்தும் கிளம்பி, கொஞ்ச தூரம் போய், வழக்கம்போல வெட்டவெளியில் நின்றது. நான் கோமதிக்குப் போன் செய்தேன்.

"வெந்நி ஊத்தியாச்சு," என்றாள். "எப்ப வாரீய?"

"நாலு மணிக்கு."

"ஆறிரும்."

"ஆறாது."

அவள் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்திருக்க வேண்டும். "ஆமா, ஆறல," என்றாள்.

அதன் பிறகு எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்ல முடியாது. சொல்வதற்கு மணி இல்லை. வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைத் தரையில் போட்டிருந்தது, அது நகரவே இல்லை. நான் கடைசிப் பெட்டிக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். வண்டி மறுபடியும் நீள ஆரம்பித்திருந்தது. செல்போன் அடித்தது.

"ஆவுடையப்பன்," என்றார் சங்கரபாண்டி. "நாலு மணி எங்க நிக்கி?"

"அவுட்டர்லதான் நிக்கி அண்ணாச்சி. இந்தா வந்துரும்."

எல்லாப் பயணிகளிடமும் சொல்வதுதான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"மக வந்துட்டா," என்றார். "பக்கத்துல உக்காந்திருக்கா. கண்ணாடி மேல கைய வச்சிருக்கா. எல்லாம் பேசியாச்சு. அந்தப் பரீட்சையில மொதக் கேள்வி என்ன வந்திருக்கும்னு சொல்லிக்கிட்டு இருக்கா."

"நல்லது அண்ணாச்சி."

"விசில அவ கையில குடுத்துட்டேன். நீயே ஊதுட்டீன்னு."

"ஊதுனாங்களா?"

"இல்ல. வச்சிக்கிட்டு இருக்கா."

அவர் குரலைத் தாழ்த்தினார். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள். அவரைத் தெரிந்தவர்கள்.

"அவசரம் ஒண்ணுமில்ல வே. மெதுவா வரட்டும்."

கடைசிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தேன். முழங்கால் இரண்டும் என்னுடையவை மாதிரி இல்லை. கடைசி இருக்கையில் ஒருவர் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நாலு மணி ஏன் இன்னும் வரல?"

"சொல்லுதேன்," என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். செய்தித்தாளை மடித்தார். ஜன்னலோர இருக்கையிலிருந்து தன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"உக்காந்து சொல்லுங்க," என்றார்.

நான் தங்கப்பழத்தை நினைத்தேன். அந்த ஊரில் ரேஷன் கடை திறந்ததை நினைத்தேன். கோமதியின் வாளியை நினைத்தேன். அந்த வெந்நீர் இனி எப்போதும் ஆறாது. விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதாமல் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவையும் நினைத்தேன்.

உட்கார்ந்தேன். இருக்கை மெத்தென்று இருந்தது.

"நாலு மணி," என்று ஆரம்பித்தேன், "அவுட்டர்ல நிக்கி."